நின்ற இடத்தில் ஓடிய தெரு

கரூருக்குக் கிழக்கே வாய்க்கால் வளைகிற இடத்தில், உலகத்துப் பேருந்துகளெல்லாம் பிறக்கிற தெரு ஒன்று இருக்கிறது. உலகம் என்பது கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் ஆந்திரா, கர்நாடகா, கேரளா என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வெறும் சட்டமும் என்ஜினும் சக்கரங்களுமாக எலும்புக்கூடு போல வந்து சேர்கிற சேஸிஸை வாங்கி நிறுத்தி, குழாய் வளைத்து, தகரம் அறைந்து, கண்ணாடி மாட்டி, சாயம் அடித்து, சீட்டு முடுக்கி, மாலை போட்டு அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. சீட்டு தைக்கிறவள் நான், பெயர் வசந்தா. இத்தனை வண்டிக்கு மெத்தை தைத்தும் எந்த வண்டியிலும் ஏறித் தூரமாகப் போனதில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை, புது ரெக்ஸின் வாடை அடித்தாலே எனக்குக் குமட்டும்.

எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புது வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் ஓடக் கூடாது. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து சூடம் காட்டி, முன்சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து, அதன் மேல் ஏறித்தான் முதல் ஓட்டம் ஓட வேண்டும். அதற்கு முன்னால் ஓடிவிட்டால் அந்த வண்டி ஆயுசுக்கும் காவு கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார்கள். ஆனால் வண்டி வாங்குகிறவர்களுக்கு அதுவரை பொறுமை ஏது? பூஜைப் பத்திரிகையில் போடுவதற்கு, போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவதற்கு, காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிற மாதிரி ஒரு படம் முன்கூட்டியே வேண்டும். ஓடக் கூடாத வண்டியை ஓடுகிற மாதிரி படம் எடுப்பதற்காகத்தான் குழந்தைவேலு முதலாளி தன் பட்டறை ஆபீசில் கலாமணியை வேலைக்கு வைத்திருந்தார்.

கலாமணி என் பக்கத்து வீட்டுக்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். நிற்கிற வண்டியைப் போனில் படம் எடுத்து, தானே எழுதிய புரோகிராம் ஒன்றில் போட்டு, அதற்கு ஓட்டம் கொடுப்பாள். அது எப்படி என்று ஒருநாள் சோறு உண்ணும்போது எனக்கு விளக்கினாள். படம் என்பது வெறும் புள்ளிகளாம். ஒவ்வொரு புள்ளிக்கும், அதே வரிசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற புள்ளிகளின் நிறத்தையெல்லாம் கூட்டி, எத்தனை புள்ளியோ அத்தனையால் வகுத்து, வந்ததை அதற்கே கொடுத்துவிட்டால் படம் இழுபடுமாம். எத்தனை புள்ளி சேர்க்கிறோம் என்பதுதான் வேகம், வரிசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் திசை. ஈரக் கோலத்தின் மேல் சேலைத் தலைப்பு இழுபட்ட மாதிரியா என்று கேட்டேன். அதேதான் அக்கா என்றாள். இதற்காகவா மூன்று வருஷம் காலேஜுக்குப் போனாய் என்று கேட்க நினைத்து, பாவம், உண்ணுகிற நேரம் என்று விட்டுவிட்டேன்.

அப்படி ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், நெல்லூர்க்காரர் ஒருவருக்காகக் கட்டிய நீலநிறப் பேருந்தின் படத்தை இழுத்துவிட்டு, அதைத் திரையில் அப்படியே திறந்து வைத்துவிட்டு, கலாமணி சாப்பிட வந்தாள். திரும்பிப் போனபோது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ஆனால் டயரெல்லாம் தொட முடியாத சூட்டில் இருந்தன, முகப்புக் கண்ணாடியில் மஞ்சள் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன, மட்கார்டில் எங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லாத செம்மண் அப்பியிருந்தது, வைப்பருக்கு அடியில் எந்த மரத்தினுடையது என்று ஒருவருக்கும் தெரியாத ஓர் இலை சிக்கியிருந்தது. சாவி முதலாளியின் இடுப்பில் இருந்தது. வண்டி ஓடியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஓடிய வண்டியைப் பார்த்தால் எங்கள் தெருவில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நின்ற இடத்திலேயே எப்படி ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பழம் வைக்காமல் ஓடிவிட்டதே என்றுதான் எல்லாரும் பதறினார்கள்.

பூசாரி கண்ணை மூடி யோசித்து வழி சொன்னார். இனி கலாமணி எந்தப் படத்தை ஓட்டுவதானாலும் கம்ப்யூட்டர் மேசையின் முன்கால் இரண்டுக்கும் எதிரே பழம் வைத்து, மேசையை ஒரு தள்ளுத் தள்ளிப் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க எலுமிச்சை மணந்தது, எறும்பு மொய்த்தது, மேசை மாதத்துக்கு ஓர் அடி கிழக்கே நகர்ந்தது. படம் திரையில் திறந்திருக்கும்வரை வண்டி நின்றபடியே ஓடும், மூடினால் நிற்கும் என்பதும் தெரிந்துபோயிற்று. ஒரே ஒரு குறை, ஓடி முடித்த வண்டியின் சாயம் ஒரு பிடி வெளுத்திருக்கும். அதற்காக முதலாளி பெயிண்டர்களைத் திட்டினார், பெயிண்டர்கள் சாயக் கடைக்காரரைத் திட்டினார்கள், சாயக் கடைக்காரர் வெயிலைத் திட்டினார்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காக வண்டி கட்டி அனுப்பியே தேய்ந்துபோன தெரு இல்லையா, போக வேண்டும் என்கிற ஆசை எல்லார் வயிற்றிலும் கிடந்தது. வெல்டர்களின் வீட்டுப் பெண்கள் தலைவாரிப் பூவைத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் ஸ்டூலில் உட்காருவார்கள், கலாமணி படம் எடுத்து, புள்ளிக் கணக்கைச் சின்ன எண்ணாகப் போட்டு இழுத்துவிடுவாள், ஸ்டூல் அசையாது, ஆனால் முடி பின்னால் பறக்கும், சேலை படபடக்கும், கண்ணில் தூசி விழும். இறங்கும்போது கால் மரத்துப்போய் நொண்டுவார்கள். எந்த ஊருக்குப் போனாய் என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது, காற்று நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்வார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்தவர்கள் உண்டு, வாந்தி எடுத்தவர்கள் உண்டு, ஸ்டூலின் எந்தப் பக்கம் ஜன்னல் பக்கம் என்று சண்டை போட்டவர்களும் உண்டு. அவர்களும் கொஞ்சம் வெளுத்துத்தான் எழுந்தார்கள், ஆனால் ஓர் இரவு தூங்கினால் நிறம் திரும்பிவிடும். பயண அலுப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

இதையெல்லாம் செய்தவள் தன் வீட்டில் மட்டும் அதைச் செய்யவில்லை. கலாமணியின் புருஷன் நாச்சிமுத்து சேஸிஸ் ஓட்டுகிறவன். அந்தப் பிழைப்பைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: தொழிற்சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குச் சேஸிஸ் தானாக நடந்து வராது, யாராவது ஓட்டி வர வேண்டும், அதற்குக் கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்னால் கண்ணாடிகூடக் கிடையாது, ஒரு பலகையைக் கட்டி அதன் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, சட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு, மழை வந்தால் மழையிலும் வெயில் வந்தால் வெயிலிலுமாக மாநிலம் மாநிலமாகத் தாண்டி வர வேண்டும். வந்து இறங்கும்போது நாச்சிமுத்துவின் முகத்தில் பல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. கலாமணி அந்தப் பல்லைப் பார்த்துத்தான் தன் புருஷன் என்று கண்டுபிடிப்பாள் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு மழைநாளில் வளைவில் சேஸிஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. உயிர் பிழைத்தான், இடுப்புக்குக் கீழே போய்விட்டது. முன்னறையில் தெருவைப் பார்க்கக் கட்டில் போட்டார்கள். கொஞ்ச நாளில் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னான், தெருவில் போகிற வண்டிகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு பேச்சைக் குறைத்தான், பிறகு சோற்றைக் குறைத்தான். கலாமணி ஊட்டினால் வாயைத் திறப்பான், ஊட்டாவிட்டால் கேட்க மாட்டான். முப்பத்தைந்து வயது ஆள், சுவரைப் பார்த்துக்கொண்டு தீர்ந்துகொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராததைக் கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது.

நான்தான் சொன்னேன், ஊருக்கெல்லாம் காற்றுக் கொடுக்கிறாய், அவனுக்குக் கொடுக்க என்ன தயக்கம் என்று. அவள் பயமாக இருக்கிறது அக்கா என்றாள். ஆனாலும் அன்றைக்கே படம் எடுத்தாள், ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து லேப்டாப்புக்குப் புரோகிராமை மாற்றி வந்தாள், லேப்டாப் வைத்த முக்காலிக்குப் பழம் வைத்தாள், இருப்பதிலேயே சின்ன எண்ணைப் போட்டாள். கட்டில் அசையவில்லை. நாச்சிமுத்துவின் தலைமுடி மட்டும் பின்னால் சாய்ந்தது, எதிர்காற்றில் சுருக்குகிற மாதிரி கண் சுருங்கியது, உதடு காய்ந்தது, போர்வை படபடவென்று அடித்துக்கொண்டது. படத்தை மூடியதும் அவன் பல மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினான். பசிக்கிறது, வசந்தாக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாசம் வருகிறது, வாங்கி வா என்றான். சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் உண்டதை வாசலில் நின்று தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு தினமும். ஓடினால் உண்பான், உண்டால் பேசுவான், பேசினால் கலாமணி சிரிப்பாள். ஆனால் நேற்றைய வேகம் இன்றைக்குப் போதவில்லை. இழுக்கிற நீளத்தைக் கூட்டு என்பான், அவள் எண்ணைக் கூட்டுவாள். ஒருநாள் தலையணை உறையிலிருந்த ரோஜாப்பூ அவன் தோள் வழியாகத் தெரிந்தது. ஊசி போட வருகிற நர்ஸ் அவன் கையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமானது, எங்கே உங்கள் கை முடிகிறது என்று அலுத்துக்கொண்டாள். கலாமணிக்குக் காரணம் தெரியும். இருக்கிற நிறத்தைத்தான் அவளுடைய கணக்கு பங்கு போடுகிறது, புதிதாக ஒரு பொட்டு நிறத்தையும் அது உண்டாக்குவதில்லை. எவ்வளவு தூரத்துக்கு இழுக்கிறோமோ அவ்வளவு தூரத்துக்கும் அதே ஆள்தான் பரவ வேண்டும். மற்றவர்கள் இரவெல்லாம் தூங்கித் தேறினார்கள், இவன் தேறுவதற்குள் அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பினான். சுற்றிலும் வெள்ளைச் சுவர், நடுவில் ஒற்றை ஆள், இழுக்க இழுக்க அவனுக்குள் சுவர்தான் கலந்தது.

அவள் நிறுத்திவிட்டாள். லேப்டாப்பைக் கொண்டுவந்து என் வீட்டில் பூட்டி வைத்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான், சோற்றைத் தொடவில்லை, தண்ணீரையும் மறுத்தான். மூன்றாம் நாள் காலையில் அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவது சுவரைத் தாண்டிக் கேட்டது, நான் எழுந்து போனேன்.

"நீளத்தக் கூட்டு கலா," என்றான் அவன், திரும்பாமல்.

"கூட்டுனா நீங்க இருக்க மாட்டீங்க மாமா."

"இப்ப மட்டும் எங்க இருக்கறேன்?"

அவள் வெளியே வந்து என் வாசல்படியில் உட்கார்ந்தாள். ஓட்டினாலும் போய்விடுவான், ஓட்டாவிட்டாலும் போய்விடுவான். அழுதாள், நானும் அழுதேன், அழுதுவிட்டு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள், ஏனென்றால் நெல்லூர்க்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

நெல்லூர்க்காரருக்குக் கோபம். அடுத்து எடுக்கப்போகிற வண்டிக்கு அனுப்பிய படத்தில் வண்டியே பேய் மாதிரி கலங்கியிருக்கிறது, தன் அம்மாவின் பெயரை வண்டியில் எழுதியும் படிக்க முடியவில்லை. வண்டி தெளிவாக இருக்க வேண்டும், பாதைதான் ஓட வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று குதித்தார். சரிங்க என்று கலாமணி வண்டியின் ஓரம் வழியாகக் கோடு போட்டு, வண்டியைப் படத்திலிருந்து தனியாக வெட்டி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இழுத்து, வண்டியைத் திரும்ப அதன் இடத்தில் ஒட்டினாள். நெல்லூர்க்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். அவர் போன பிறகு அவள் பட்டறைக்குள் போய்ப் பார்த்தாள். வண்டியின் டயர் சில்லென்றிருந்தது. சாயம் ஒரு பொட்டும் வெளுக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்த வேப்பமரம் இலையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, மரத்தடியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் தலையைப் பிடித்துக்கொண்டு, யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, நான் மட்டும் எங்கேயோ போய்விட்டு வந்தேன் அம்மிணி என்றார்.

அவள் அங்கிருந்து ஓடி வந்ததை நான் பார்த்தேன். செருப்பைக்கூட மாட்டவில்லை.

சாயங்காலம் சம்சு பாயின் டீக்கடையில் தெரு கூடியது. கலாமணி நின்றுகொண்டு சொன்னாள்: நாச்சிமுத்துவை இழுக்காமல் அப்படியே வைத்துவிட்டு, சுற்றியிருப்பதை இழுத்தால், அவனுக்கு ஓட்டம் கிடைக்கும், ஆள் கரைய மாட்டான். சுற்றியிருப்பது என்றால் என்ன என்று கேட்டார்கள். நாம்தான் என்றாள். கடை, பட்டறை, வீடு, அதிலிருக்கிற ஆட்கள், எல்லாம்.

பிறகு ஆளுக்கொன்றாக ஆரம்பித்தார்கள். குழந்தைவேலு முதலாளி, பாதி வெல்டிங்கில் நிற்கிற வண்டியெல்லாம் கோணிக்கொள்ளும், தன் பெயர் கெட்டுப்போகும் என்றார். பெயிண்டரின் மனைவி பிரேமா மாசமாக இருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் சேர்த்து அவள் புருஷன் பேசினான். தெருக்கோடியில் இருக்கிறவர்கள் கேட்டதுதான் நியாயமான கேள்வி: படம் இழுபட்டால் ஓரத்து வீடுகள் படத்தை விட்டு வெளியே போகுமே, போய் எங்கே விழும்? கலாமணி அதை யோசித்து வைத்திருந்தாள். இடது ஓரத்தில் வெளியே போவதை வலது ஓரத்தில் உள்ளே விடும்படி ஒரு வரி எழுதினால் போதும், தெரு வட்டமாகச் சுற்றி வரும், ஒருவரும் விழ மாட்டார்கள் என்றாள். வெளுத்துப்போக மாட்டோமா என்று பிரேமாவின் புருஷன் கேட்டான்.

"வெளுப்போம்," என்றாள் கலாமணி. "இல்லீன்னு பொய் சொல்லலீங்க. அவிய தனி ஆளா இருந்தாங்க, சுத்தி செவுரு, கரைஞ்சு போறாங்க. நாம அப்படி இல்லீங்க, ஊட்டுக்குப் பக்கத்துல ஊடு, ஆளுக்குப் பக்கத்துல ஆளு. கலந்தாலும் நமக்குள்ளதானுங்க கலப்போம். எனக்கு அவரு வேணுங்க."

கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. சம்சு பாய் தேயிலையைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தார். "நான் கடைய உட்டுட்டு ஒரு கல்யாணத்துக்கும் போனதில்ல," என்றார். "கடையோட சேந்து போறதுன்னா எனக்குத் தோதுதான். எப்பன்னு சொல்லு கண்ணு, பாலை மட்டும் எறக்கி வச்சுக்கறேன்." அதற்குப் பிறகு மறுத்துப் பேசுவது யாருக்கும் நன்றாக இருக்கவில்லை. முதலாளி மட்டும் வெல்டிங் ஓடுகிற நேரத்தில் கூடாது, டீ நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அது அவருடைய சம்மதம்.

மறுநாள் கட்டிலைத் தெரு நடுவில் கொண்டுவந்து போட்டோம். நான் வண்டிக்காகத் தைத்து வைத்திருந்த சீட்டுச் சாய்வு ஒன்றை முதுகுக்கு முட்டுக் கொடுத்து அவனை உட்கார வைத்தோம், வெயிலில் அவன் உடம்பு வழியாகக் கட்டிலின் கயிறு தெரிந்தது. கோபமாக இருந்தான், எதற்கு இந்தக் கூத்து என்று மட்டும் கேட்டான். பேருந்துக் கூரை மேல் போனை நிறுத்தி, தானாகப் படம் எடுக்கும்படி நேரம் வைத்துவிட்டு, கலாமணி இறங்கி ஓடி வந்து தானும் ஆபீஸ் படியில் நின்றாள். தெரு அப்படியே நின்றது, சிலர் துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். அவனுடைய ஓரம் எது, காற்று எது என்று பிரித்து, கட்டிலோடு சேர்த்து அவனை வெட்டி எடுக்க அவளுக்கு மத்தியானம் முழுக்கப் பிடித்தது, அத்தனை மங்கலாக இருந்தான். விரலைக்கூட விடவில்லை, ஒவ்வொரு விரலாகக் கோடு போட்டாள். உன்னையும் வெட்டி அவன் பக்கத்தில் வைத்துக்கொள்ளேன் என்றேன். வேண்டாம் அக்கா, தெருவைக் கேட்டுவிட்டு நான் மட்டும் நிற்பதா என்றாள். ஆபீஸ் படியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பூசாரி தெருவின் இரண்டு முனையிலும் பழம் வைத்தார். அவன் இத்தனை நாளாகக் கேட்டுக் கெஞ்சிய பெரிய எண்ணையே போட்டு, பொத்தானை அழுத்தினாள்.

முதலில் என் வாசலில் இருந்த கோலம் நகர்ந்தது, பிறகு வாசல் நகர்ந்தது, வாசலோடு நான் நகர்ந்தேன், என் தையல் மிஷினும் அதில் பாதி தைத்து நின்ற சிவப்பு ரெக்ஸினும் நகர்ந்தன, சம்சு பாயின் கடையும் கடையின் பாய்லரும் பாய்லரைக் கட்டிப்பிடித்த சம்சு பாயும் நகர்ந்தார்கள், தகரம் போர்த்தாத வண்டிகள் விலா எலும்போடு நகர்ந்தன, கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை கம்பத்தை விடாமல் நகர்ந்தது, கோயில் மணி அடித்துக்கொண்டே நகர்ந்தது, கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒரே பக்கம் பார்க்க நகர்ந்தது. தெருக்கோடி வீடுகள் இந்தக் கோடியில் போய் அந்தக் கோடியில் வந்தன, வந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள், மறுபடி போனார்கள். எல்லாம் வேகம் பிடித்துச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நீண்டு கோடு கோடாகி, நடுவில் அந்தக் கட்டில் மட்டும் அசையாமல் நின்றது. நகர்ந்தது நாங்கள்தான், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டுகிறவன் அவன்தான். அவன் கை இரண்டும் ஸ்டீயரிங் பிடிக்கிற அகலத்துக்குத் தானாக விரிந்தன. கண் சுருங்கியது. பல் தெரிந்தது.

எத்தனை சுற்று ஓடினோம் என்று நான் எண்ணவில்லை, கண்ணைத் திறந்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு தடவை அவனைக் கடக்கும்போதும் பார்த்தேன். முதலில் அவன் பாதையை மட்டும் பார்த்தான், எதிரே என்ன இருக்கிறதோ அதை. பிறகு அவன் பார்வை எங்கள் மேல் விழுந்தது. சேஸிஸ் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஆள் கிடையாது, எத்தனை வேகத்தில் வளைத்தாலும் யாரும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, அவன் வாழ்நாளில் ஒரு பயணியைக்கூட ஏற்றியதில்லை. இப்போது சம்சு பாய் பாய்லரைப் பிடித்துக்கொண்டு எதையோ ஓதிக்கொண்டு போவதைப் பார்த்தான். முதலாளி வேட்டியை ஒரு கையாலும் தூணை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தான். பிரேமா இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு போவதைப் பார்த்தான். அவளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

கலாமணி அவனைக் கடந்தாள். "கலா," என்றான், அதற்குள் அவள் போய்விட்டாள். சுற்றி வந்தாள். "கொறச்சுடு," என்றான், போய்விட்டாள். மறுபடி வந்தாள், காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று காதைக் காட்டினாள்.

"ஊருக்குள்ள ஓட்டற அளவுக்குப் போதும்," என்று கத்தினான். "ஆளுங்க இருக்கறாங்க."

அவள் எண்ணைக் குறைத்தாள். கோடுகள் சுருங்கி வீடுகளாயின, வீடுகளுக்கு ஜன்னல் வந்தது, ஜன்னல்களுக்கு முகம் வந்தது. மெதுவாகச் சுற்றினோம். பிரேமா கண்ணைத் திறந்தாள். அவன் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்தான், நாங்களும் அசைத்தோம், கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. நிறுத்தி இறங்கியபோது எல்லாரும் ஒரு சாயல் வெளுத்திருந்தோம், அதைவிட வேடிக்கை, ஆளுக்கு ஆள் கலந்துபோயிருந்தோம். என் கையில் ஏலக்காய் வாசம் அடித்தது, சம்சு பாய் மேல் ரெக்ஸின் நாறியது, முதலாளியின் மீசையில் மாரியம்மன் கோயில் மஞ்சள் ஏறியிருந்தது. ராத்திரி தூங்கி எழுந்ததும் பெரும்பாலும் அவரவருடையது அவரவருக்குத் திரும்பியது. ஏலக்காய் வாசம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தங்கிவிட்டது, எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

அவன் அன்றைக்குத் தானாகவே சோற்றைப் பிசைந்து உண்டான். அதற்குப் பிறகு நீளத்தைக் கூட்டு என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கால் வரவில்லை, இனி வராது, அதை நான் மறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆள் வந்துவிட்டான், தலையணை ரோஜா இப்போது அவனுக்குப் பின்னால் மறைந்துதான் கிடக்கிறது, நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டுகூட ஊசி போடுகிறாள். ஐப்பசியில் பிரேமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

இப்போதும் தினமும் டீ நேரத்தில் தெரு கிளம்பும். கலாமணி பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள், நாங்கள் அவரவர் வாசலில் நிற்போம். அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்பான். ஏறியாச்சுங்க என்று சம்சு பாய் சொல்ல வேண்டும், நான் சொல்ல வேண்டும், முதலாளி சொல்ல வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துப் பிரேமா சொல்ல வேண்டும், தெருக்கோடி வரைக்கும் வீடு வீடாகப் பதில் வர வேண்டும். பதில் வராத வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்காமல் அவன் வண்டியை எடுப்பதில்லை.